மாட்டாத கொக்கி

மலை உச்சியில் சைக்கிளை நிறுத்தி, இறங்குவதற்கு முன் தன் பிரேக்கை அழுத்திப் பார்த்தபோதுதான் அண்ணிக்கு அது உறைத்தது. அவளுடைய பிரேக்குக்கு ஒரு குறையும் இல்லை. நினைவுக்கு வந்தது வாலுவின் பிரேக்.

வாலு என்பது நாத்தனாருக்குப் பள்ளி நாளிலேயே ஒட்டிக்கொண்ட பெயர். இப்போது நீச்சல் சொல்லித்தரும் வேலையில் இருக்கிறாள். பெயர் மட்டும் போகவில்லை. இருவரும் ஒரு கடற்கரையில் கிளம்பி, நாட்டைக் குறுக்கே கடந்து, மறு கடற்கரைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். சைக்கிளில்தான், பை, கூடாரம், அடுப்பு எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு. அண்ணியும் நாத்தனாருமா, ஒரு வாரம் தாங்குமா என்று கேலி பேசியவர்களின் வாயை அடைத்துவிட்டார்கள். நேற்று வரைக்கும்.

நேற்று அண்ணி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். புருஷனை விட்டுப் பிரியப் போவதாக வாலு அவளிடம் மட்டும் சொல்லியிருந்தாள். அண்ணனிடம் நானே சொல்கிறேன், அதுவரை மூச்சு விடாதீங்க என்று கையைப் பிடித்துக் கேட்டிருந்தாள். அண்ணி போனில் கணவனிடம் கொட்டிவிட்டாள். அவன் உடனே தங்கையைக் கூப்பிட்டு வானத்துக்கும் பூமிக்கும் குதித்தான். அதோடு வாலு பேச்சை நிறுத்தினாள். கோபம் வந்தால் நாலு வார்த்தை திட்டித் தொலைக்க வேண்டும். இப்படி உம்மென்று இருப்பவளோடு எப்படித்தான் காலம் தள்ளுவது?

இன்று காலை வாலுவின் முன்சக்கரம் பஞ்சர். சக்கர வேலை எப்போதும் அண்ணியுடையது. பிரேக் கம்பியின் கொக்கியை விடுவித்தால்தான் டயர் பிரேக் கட்டைகளுக்கு நடுவிலிருந்து வெளியே வரும். சக்கரத்தைத் திரும்ப மாட்டியதும் கொக்கியையும் மாட்ட வேண்டும். பிறகு சைக்கிளுக்குச் சொந்தக்காரி சக்கரத்தைச் சுற்றிவிட்டு, பிரேக்கை அழுத்திப் பார்த்து, "சரி" என்று சொல்ல வேண்டும். அந்தச் "சரி" வராமல் கிளம்பக் கூடாது என்பது இருவரும் போட்டுக்கொண்ட சட்டம். இன்று சட்டம் பேச வேண்டியவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். காற்றடித்து முடித்ததுமே சைக்கிளைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

காற்றடித்தது ஞாபகம் இருந்தது. பம்பைப் பையில் போட்டது, கையைத் துடைத்தது, எல்லாம் ஞாபகம் இருந்தது. கொக்கியை மாட்டியது மட்டும் எவ்வளவு தலையைப் பிய்த்துக்கொண்டும் வரவில்லை. மருந்துக்கடை நடத்துகிறவள், ஒரு மாத்திரை அட்டையைக்கூட இரண்டு தடவை பார்க்காமல் நீட்டாதவள். வாலுவின் முகத்தையே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்ததில் கோட்டை விட்டிருக்கிறாள்.

ஏற்றத்தில் பிரேக்குக்கு வேலையே இல்லை. இனி இறக்கம். வாலு உச்சியில் நிற்காமலே போய்விட்டிருந்தாள்.

போன் அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. "எடுடீ, பாவி!" என்று கத்திவிட்டுச் சைக்கிளில் ஏறினாள்.

இறக்கம் என்றாலே அண்ணிக்குப் பயம். எப்போதும் பிரேக்கைப் பிடித்துப் பிடித்துத்தான் இறங்குவாள். இன்று விட்டாள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் முழங்கால் உயரம்கூட இல்லாத தடுப்புச் சுவர், அதற்கப்பால் வெறும் காற்று. முதல் வளைவு, இரண்டாவது வளைவு, வாலுவைக் காணோம். அத்தனை சுமையோடு பின் பிரேக்கை மட்டும் நம்பி ஒருத்தி எத்தனை வளைவு திரும்ப முடியும்? ஒவ்வொரு திருப்பத்திலும் சுவருக்கு அந்தப் பக்கம் வாலுவின் சிவப்புப் பை தெரிந்துவிடுமோ என்று பயந்து பயந்து பார்த்தாள்.

எதிரே ஒரு லாரி மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வந்தது. வேகத்தைக் குறைத்து, "ஒரு பொண்ணு சைக்கிள்ல போறத பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

"பாத்தேம்மா. பறந்துட்டு இல்ல போகுது! கொஞ்சம் சொல்லி வைங்க," என்றார் டிரைவர்.

அவ்வளவுதான். இனி பிரேக்கைத் தொடுவதில்லை என்று முடிவுகட்டினாள். காற்று கண்ணில் அடித்துத் தண்ணீராகக் கொட்டியது. அது காற்றால் மட்டும் அல்ல. கடவுளே, அவளுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது, வாயை அடக்கத் தெரியாதவள் நான்தானே, எனக்கு வரட்டும் என்று வேண்டிக்கொண்டே போனாள்.

அடுத்த வளைவில் சாலையோரம் கொஞ்சம் அகலமான இடம். அங்கே சைக்கிளைச் சாய்த்துவிட்டு, முழுசாக, உயிரோடு, தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றாள் வாலு.

"பிரேக்! உன் பிரேக்!" என்று கத்தியபடியே அண்ணி இரண்டு கையாலும் அழுத்தினாள். முன்சக்கரம் சரளைக்கல்லில் வழுக்கியது. சைக்கிள் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். தோள் தரையில் மோதிய சத்தம் அவளுக்கே கேட்டது.

வாலு ஓடி வந்து மண்டியிட்டாள். "அண்ணி! அண்ணி, கண்ணத் தொறங்க!"

"கொக்கி..." என்றாள் அண்ணி. "நான் மாட்டல. இறங்காத."

"மாட்டிட்டேன் அண்ணி. ஏத்தம் ஆரம்பிக்கறப்பவே பாத்து நானே மாட்டிட்டேன்."

அண்ணி அவளையே பார்த்தாள். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

வாலு அண்ணியின் கை மடங்கியிருந்த விதத்தைப் பார்த்தாள், கிழிந்த சட்டையைப் பார்த்தாள். "பேசக் கூடாதுன்னு இருந்தேன்," என்றாள்.

பிறகு உடைந்துவிட்டாள். உங்கள நம்பித்தானே சொன்னேன், அண்ணன் கேட்ட கேள்விக்கெல்லாம் நான் நடுரோட்ல நின்னு பதில் சொல்லணுமா, உங்களுக்கு அறிவு இருக்கா, இப்படி யாராவது இறங்குவாங்களா, செத்துப் போயிருந்தா நான் யார்கிட்ட போவேன் என்று அழுதுகொண்டே திட்டினாள். திட்டிக்கொண்டே துண்டைக் கிழித்து அந்தக் கையைக் கழுத்தோடு தூக்கிக் கட்டினாள். வலியில் உயிர் போயிற்று. திட்டுவதை நிறுத்திவிடப் போகிறாளே என்ற பயத்தில் அண்ணி ஒரு முனகல்கூட விடவில்லை.