பாட்டில் கழுவியவருக்கு நன்றி

பள்ளிப் பேருந்து ஓட்டும் அவருக்கு, மனைவியின் ஆய்வுக்கூடத்தில் பாட்டில்காரர் என்று பெயர். பதினாறு வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் வந்து மாதிரிப் பாட்டில்களைக் கழுவித் தருகிறவரை வேறு என்னவென்று கூப்பிடுவது? மனைவியை அவர் வீட்டிலும் டாக்டரம்மா என்றுதான் அழைப்பார். பாதி கிண்டல், பாதி பெருமை.

டாக்டரம்மா முதலில் பாறைகளில் துத்தநாகத்தை அளந்தார். பிறகு அதே வித்தையோடு புற்றுநோய்க் கட்டிகளில் அளக்கப் போனார். பாறைக் கட்டுரை பத்தொன்பது, புற்றுநோய்க் கட்டுரை பன்னிரண்டு. கட்டுரைகளையும் மேற்கோள்களையும் எண்ணும் கணினிக்கு இது பிடிபடவில்லை. கல்லை உடைக்கிற ஆளுக்குக் கட்டியோடு என்ன வேலை என்று ஒருவரை இருவராகப் பிரித்துவிட்டது. துறை மாறியதில் கட்டுரையில் போடும் முகவரியும் மாறியிருந்தது. பெயரோ தெருவுக்கு நாலு பேர் வைத்திருக்கும் பெயர். பேராசிரியர் ஆக இருபத்தைந்து கட்டுரை வேண்டும். பத்தொன்பதை வைத்துக்கொண்டு நாக்கைத்தான் வழிக்கலாம்.

முப்பத்தொன்றும் ஒருவர் எழுதியதுதானா என்று பார்க்கத் தேர்வுக்குழு கூடிய அன்று டாக்டரம்மா உள்ளே இருந்தார்; பாட்டில்காரர் வெளியே பெஞ்சில் காத்திருந்தார். முக்கால் மணி நேரம் கழித்து எழுத்தர் கதவைத் திறந்தார்.

"பாட்டில் கழுவறவர் யாருங்க? உள்ள கூப்பிடறாங்க."

அவர் பெஞ்சைவிட்டு எழுந்தார். வெளியாட்கள் நுழையக் கூடாது என்று ஆய்வுக்கூடக் கதவிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. அந்தக் கதவைத்தான் பதினாறு வருடமாகத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார். டாக்டரம்மாவின் பதவி உயர்வுக்கு நாமே வேட்டு வைத்துவிட்டோம் என்று நொந்துபோனார்.

"கழுவினது நீங்கதானா?" என்று கேட்டார் குழுத் தலைவி.

"ஆமாங்க. தப்புதாங்க. அவங்க மேல குத்தமில்ல, நானாத்தான் போனேன்."

"எப்படிக் கழுவுவீங்க?"

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியும். அவருக்கு மூச்சு வந்தது.

"ஒரு நாள் முழுக்க அமிலத்துல ஊறணும். அப்புறம் சுத்தத் தண்ணியில மூணு தடவை. வாய்ப்பக்கம் விரல் படவே கூடாது. விரல்ல ஒட்டியிருக்கறதே அளவைக் கெடுத்துடும்."

"இது பாறைக்கா, கட்டிக்கா?"

"ரெண்டுக்கும் ஒரே கழுவல்தாங்க. பாட்டிலுக்கு என்ன தெரியும்?"

தலைவி கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். மேசையில் முப்பத்தொரு கட்டுரைகளும் நன்றிப் பக்கம் திருப்பி வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் கடைசி வரி ஒன்றே: 'பாட்டில்களைக் கறையில்லாமல் கழுவித் தந்த என் கணவருக்கு நன்றி.'

ஓர் உறுப்பினர் மட்டும் விடவில்லை. "அப்படி ஒரு புருஷன் ரெண்டு பேருக்குமே இருக்கலாம் இல்லையா மேடம்?"

"ஒருத்திக்குக் கிடைச்சதே அதிசயம் சார்," என்று சொல்லித் தலைவி கையெழுத்தைப் போட்டார்.

வெளியே வந்ததும் டாக்டரம்மா கட்டுரைக் கட்டை அணைத்தபடி துள்ளாத குறையாக நடந்தார். பின்னால் காலடிச் சத்தம் இல்லை. திரும்பிப் பார்த்தார்.

"முப்பத்தொண்ணுலயும் நான் இருக்கேனா?" என்றார் பாட்டில்காரர். "ஏன் டாக்டரம்மா, சொல்லவே இல்ல?"

"எல்லாம் வீட்லதானே கெடக்குது! படிச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்."

"தலைப்பைத் தாண்டி எனக்கு என்னிக்குப் புரிஞ்சிருக்கு?"

அவர் கண் நிறைந்துவிட்டது. வந்த சந்தோஷத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் மறுபடியும் அதே பெஞ்சில் உட்கார்ந்தார்.

"மொத கட்டுரையிலேர்ந்து படி. கடைசி வரி மட்டும் போதும்."

டாக்டரம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றொன்றாகப் படித்தார். முப்பத்தொரு தடவையும் ஒரே வரிதான். பாட்டில்காரர் ஒரு தடவைகூடப் போதும் என்று சொல்லவில்லை.