கார்க் கெட்ட பாட்டில்

என் கணவர் ஆன்செல்முக்கு மூக்கு செத்து இரண்டு வருஷமாகிறது. ஒரு கடுங்காய்ச்சல் வந்தது, போகும்போது வாசனையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. புளிப்பு, உப்பு, இனிப்பு நாக்குக்குத் தெரியும். ஆனால் எங்கள் ஊர் மெர்சோவின் வெள்ளை ஒயினில் அது கால்வாசிதான். மிச்சமெல்லாம் மூக்கு விஷயம்: வெண்ணெய், வறுத்த பருப்பு, மழையில் நனைந்த சுண்ணாம்புக்கல்.

இது எங்கள் இருவருக்கும் மட்டுமே தெரியும். அவர் தம்பி லியோன்ஸுக்குத் தெரிந்தால் தீர்ந்தது. திராட்சைத் தோட்டம் அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. எந்தப் பீப்பாயை எதோடு கலப்பது, அடி வண்டலைக் கிளறுவதை எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் நிலவறைச் சாவி வைத்திருப்பவர் சொல்வதுதான். மூக்கு நன்றாக இருக்கும்வரை சாவி அண்ணனிடம், இல்லையென்றால் தம்பியிடம் என்று அவர்களுக்குள் பேச்சு. அந்தச் சாவியை ஆன்செல்ம் தூங்கும்போதுகூட இடுப்பிலிருந்து எடுக்கமாட்டார்.

ஆகவே அவருக்கு நான் மூக்கானேன். அவர் கிளாஸைச் சுழற்றி, உறிஞ்சி, கண்ணை மூடி நடிப்பார். நான் பக்கத்தில் நின்று முகர்ந்து பார்ப்பேன். என் கை காதணிக்குப் போனால் ஒயின் நன்றாக இருக்கிறது, மோதிரத்தைத் திருகினால் கோளாறு. வர்ணனையை அவரே அளந்துவிடுவார், அதில் மனிதர் கில்லாடி. போன வருஷ ஒயினை ஊரே மெச்சியது. நான் கலக்கச் சொன்ன ஒயின் அது. எனக்கு ஒரு நல்ல வார்த்தை வந்ததா என்றால், மூச்.

அறுவடை முடிந்ததும் ஊர்கூடிச் சாப்பிடும் மதிய விருந்தில், பாட்டிலைக் காலுறைக்குள் ஒளித்து ஊற்றி, ஒயின் எப்படி என்று கேட்பது எங்கள் வழக்கம். இந்த வருஷமும் ஆன்செல்ம் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார். என் காதணி ஓயவில்லை. அப்போது எதிரே இருந்த பீப்பாய்க்காரர் கஸ்பார் என் பக்கம் திரும்பினார்.

"நீங்களும் ஒண்ணு சொல்லுங்களேன், ஓதில்."

"இவளா?" என்றார் ஆன்செல்ம். "சமையலறையில வினிகரை ஊத்திக் குடுத்தாலும் பேஷ்னு குடிப்பா. மூக்குன்னு ஒண்ணு இவளுக்கு கண்ணாடி மாட்டத்தான்."

மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன். உள்ளே எரிந்தது.

அடுத்த பாட்டிலை லியோன்ஸ் திறந்தான். மூக்கருகே கொண்டுபோனவன் ஒரு நொடி நின்றான், பிறகு ஒன்றும் சொல்லாமல் அண்ணனுக்கு ஊற்றினான். எனக்கும் ஊற்றினான். கார்க் கெட்டு ஒயினையும் பாழாக்கியிருந்தது. நனைந்து மக்கிய அட்டைப்பெட்டி நாற்றம் அடித்தது.

ஆன்செல்ம் கிளாஸைச் சுழற்றியபடி என் கையைப் பார்த்தார்.

நான் காதணியைத் தொட்டேன். போதாது என்று, இரண்டு காதையும் தொட்டேன்.

"ஆகா," என்றார் அவர். "வறுத்த பருப்பு. அதுக்கு அடியில வெண்ணெய். எவ்வளவு சுத்தம் பாருங்க. இதைச் செஞ்சவன் கையில முத்தம் குடுக்கணும்."

யாரும் சிரிக்கவில்லை. கஸ்பார் தன் கிளாஸைத் தள்ளிவைத்தார்.

"அண்ணே, இன்னொரு தடவை மோந்து பாரு," என்றான் லியோன்ஸ், குழந்தையிடம் பேசுவதுபோல.

ஆன்செல்ம் முகர்ந்தார். முகர்ந்துகொண்டே இருந்தார். கழுத்திலிருந்து மேலே முகம் சிவந்தது. என் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். அத்தனை பேர் முன்னால் என்னைத் திட்ட வேண்டுமென்றால், இத்தனை நாள் யார் மூக்கு என்று சொல்லியாக வேண்டுமே.

லியோன்ஸ் கையை நீட்டினான். மேசையிலேயே சாவி கைமாறியது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டார்: "ஏன் இப்படிப் பண்ணின?"

"எனக்கென்ன தெரியும்," என்றேன். "வினிகர் குடிக்கிறவதானே நான்."

எனக்கும் இனி அந்த நிலவறை இல்லை. வலிக்கத்தான் செய்கிறது, ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்ததற்கு அது தகும்.

இப்போதெல்லாம் காலையில் பால் கிண்ணத்தை முன்னால் வைத்துக்கொண்டு கேட்கிறார்: "பால் நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு," என்று காதணியைத் தொட்டுச் சொல்கிறேன்.

என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பால் ஆறி ஆடை கட்டுகிறது.