அனுமதியின்றி

மேசையின் கீழ் இழுப்பறை பூட்டியிருந்தது. சாவி எங்கே என்று கேட்க வேண்டியவன் கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் படுத்திருந்தான். அப்பா ஸ்க்ரூ டிரைவரைப் பூட்டின் விளிம்பில் கொடுத்து மெல்ல நெம்பினார்.

மயானத்தில் அடையாள அட்டை கேட்பார்களாம். "அந்த டிராயர்லதான் வச்சிருப்பாரு மாமா" என்று மருமகள் சொன்னாள்.

மகனுக்கு நாற்பத்தொரு வயது. நேற்று மதியம் பட்டறையில், சாலிடரிங் கம்பியைப் பிடித்தபடியே நாற்காலியில் சாய்ந்திருக்கிறான். கூட்டாளி டீ வாங்கிக்கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இழுப்பறை திறந்தது. அட்டை மேலேயே கிடந்தது. அதற்கு அடியில் ஒரு நீல ஃபைல். அதிலிருந்து துருத்திக்கொண்டிருந்த தாளில் அச்சாகியிருந்த படத்தில் ஒரு கட்டைவிரல் தெரிந்தது. நகம் இரண்டாகப் பிளந்த விரல். பிளம்பர் வேலைக்குப் போன காலத்தில் ரெஞ்சு வழுக்கி நசுக்கியது. அவருடைய விரல்தான்.

தாளை உருவினார். மூடி கழற்றிய கருவி ஒன்றை அந்த விரல் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தது. தரையில் வைத்தால், அடியில் போகும் குழாய் எங்கே கசிகிறது என்று சொல்லிவிடும் கருவி. இருந்த வேலையை விட்டுவிட்டு மகன் ஆறு வருடம் அதோடு மல்லுக்கட்டினான். "ரெண்டு இடத்துல உடைச்சுப் பார்த்தா தெரிஞ்சிடப் போகுது. இதுக்கு ஒரு கம்பெனியா?" என்பார் அப்பா. சாப்பிடும்போது அவன் விளக்கியதெல்லாம் காதில் விழாததுபோல இருந்தாரே தவிர, ஒன்றையும் மறக்கவில்லை. ஒரு நாள் அவன் குளிக்கப் போயிருந்த நேரத்தில், மேசையில் பிரித்துக் கிடந்ததை எடுத்து, எந்தப் பாகம் எதற்கு என்று ஒவ்வொன்றாகக் காட்டி வீடியோ எடுத்தார். பிளம்பர் சங்கத்தின் இணையப் பக்கத்தில் போட்டார். மேலே எழுதியது ஒரே வரி: 'என் பையன் செய்தது.'

அடுத்த தாள் காப்புரிமை அலுவலகத்தின் கடிதம். விரலை வைத்து வரிவரியாகப் படித்தார். விண்ணப்பம் கொடுப்பதற்கு மூன்று மாதம் முன்பே கருவியின் உள்ளமைப்பு ஊரறியக் காட்டப்பட்டுவிட்டது. ஆகவே இதைப் புதியதென்று ஏற்பதற்கில்லை.

கடைசியாக ஒரு முத்திரைத்தாள். 'என் மகனின் அனுமதியின்றி, அவருக்குத் தெரியாமல், நான் இதை வெளியிட்டேன்.' கீழே அவருடைய பெயர். கையெழுத்துக்கான இடம் காலியாக இருந்தது. தேதி போன வருடத்தது.

"கார்டு கிடைச்சுதாப்பா?" கூட்டாளி உள்ளே வந்தான். கல்லூரியிலிருந்து மகனோடு ஒட்டிக்கொண்டவன். இவரையும் அப்பா என்றுதான் கூப்பிடுவான். அவர் கையிலிருந்ததைப் பார்த்ததும் கதவைச் சாத்தினான்.

"எப்பலேருந்து தெரியும் அவனுக்கு?"

"ஒன்றரை வருஷமா."

"இதுல நான் கையெழுத்துப் போட்டிருந்தா?"

"அனுமதியில்லாம வெளிய வந்தது கணக்குல வராது, அது போதும்னாரு வக்கீல். உங்களைக் குத்தவாளி மாதிரி எழுதச் சொல்றாங்கன்னு இவன்தான் ஒத்துக்கல. வேற மாதிரி பதில் எழுதிப் பார்த்தோம். நிக்கல."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"ரெண்டு தடவை வாசல் வரைக்கும் வந்தேன்பா. ரெண்டு தடவையும் திருப்பி அனுப்பிட்டான்."

"பேனா வச்சிருக்கியா? இப்ப போட்டுத் தரேன்."

"அப்பீல் பண்ற கெடு போன மாசமே முடிஞ்சிடுச்சுப்பா. இனிமே யாரு வேணும்னாலும் செஞ்சு விக்கலாம். வித்துக்கிட்டுத்தான் இருக்காங்க."

"ஆளே போயிட்டான்னு எழுதினாகூடவா?"

"கெடு முடிஞ்சப்ப அவன் இருந்தானேப்பா. நேத்துதானே போனான்."

அப்பா கட்டிலில் உட்கார்ந்தார். போன மாதம் ஒரு நாள், அதே கருவியை வேறு யாரோ விற்பதாகக் கேள்விப்பட்டு, சாப்பாட்டு மேசையில் அவர்தான் பேச்சை எடுத்தார். "உன் ஆளுங்கள்லயே எவனோ உளறியிருக்கான். அவன் யாருன்னு பார்த்து முதல்ல வெளிய அனுப்பு. ஆளைப் பார்த்து வைக்கத் தெரியாதவனுக்கு எதுக்குக் கம்பெனி?" மருமகள்கூட நிமிர்ந்து பார்த்தாள். மகன் அவர் தட்டுக்குப் பக்கத்தில் இருந்த டம்ளரை எடுத்துத் தண்ணீர் ஊற்றினான். "விடுங்கப்பா. சாப்பாடு ஆறுது" என்றான்.

கதவு தட்டப்பட்டது. கூட்டாளி ஃபைலை வாங்கி இழுப்பறைக்குள் வைத்து மூடினான். பூட்டு உடைந்திருந்ததால் அது முழுதாக மூடவில்லை. மருமகள் வாசற்படியிலேயே நின்றாள்.

"இருந்துச்சா மாமா?"

அவர் அட்டையை நீட்டினார்.

"வேற ஏதாவது இருந்துச்சா? கம்பெனி விஷயமா ஏதோ மனசுலயே வச்சுக்கிட்டு இருந்தாரு. கேட்டா சொல்லவே மாட்டாரு."

கூட்டாளி தரையைப் பார்த்தான். அப்பா வாயைத் திறந்தார். தெருவில் ஒரு வாகனம் பின்பக்கமாக வரும் சத்தம் கேட்டது.

"வண்டி வந்துடுச்சும்மா" என்றார்.

வண்டியில் அவரை முன்னால் உட்காரச் சொன்னார்கள். அவர் பின்னாலேயே ஏறி மகனின் தலைமாட்டில் உட்கார்ந்தார். தெரு முனையில் ஒரு வேகத்தடை. வண்டி குலுங்கியதில் மகனின் தலை ஒருபக்கமாகச் சாய்ந்தது.

"கொஞ்சம் மெதுவா போப்பா."

"இந்த ரோடே இப்படித்தான் பெரியவரே" என்றார் ஓட்டுநர்.

அடுத்த வேகத்தடை வருவதற்குள் அவர் தன் உள்ளங்கையை அந்தத் தலைக்கு அடியில் கொடுத்திருந்தார். பிரதான சாலை வந்து, வண்டி சீராக ஓடத் தொடங்கிய பிறகும் அதை எடுக்கவில்லை.