வீட்டுக் காரணம்

அன்று தலைமையாசிரியை அறையில் இருந்தவர்கள்: மேசைக்குப் பின்னால் அம்மிணி டீச்சர். எதிரே பெஞ்சில் மாயம்மாள், அவள் அண்ணன் சங்கிலிப்பாண்டி, கப்பைக்கிழங்கு விற்கும் வண்டிக்காரன் இசக்கிமுத்து. சுவரை ஒட்டி, நின்றபடி, மாயம்மாளின் மகள் செல்வலட்சுமி, பத்தாம் வகுப்பு. அவளை யாரும் உட்காரச் சொல்லவில்லை. எல்லாரையும் வரவழைத்ததென்னவோ அவளைப் பற்றிப் பேசத்தான்.

மூன்று பேரும் வந்ததில் செல்விக்கு நிம்மதி. காலையில் பள்ளிக்கு எதிரே இருந்த சாயாக்கடையில் மாமன் சங்கிலிப்பாண்டி வாக்குக் கொடுத்திருந்தான்.

"பயப்படாத பிள்ள. நாங்கதான் கூட்டிட்டுப் போனோம்னு டீச்சர் மூஞ்சிக்கு நேரா சொல்லிருதேன். இதுல என்ன வெக்கம்?"

இசக்கிமுத்துவும் சாயாவை உறிஞ்சிக்கொண்டே தலையாட்டினான். "உன்னால பொழைக்கிற பயலுவ நாங்க. சொல்லாம இருப்பமா?"

அவன் சொன்னதில் மிகை இல்லை. கொச்சி மட்டாஞ்சேரியில் அவர்கள் குடியிருந்த சந்தில் பாதிப் பேர் தென்காசிப் பக்கத்துக்காரர்கள். மலையாளம் பேசுவார்கள், சண்டைகூடப் போடும் அளவுக்குப் பேசுவார்கள். வாசிக்கவோ எழுதவோ ஒருவருக்கும் வராது. இங்கேயே ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த செல்விக்கு வரும். இசக்கிமுத்துவின் வண்டி லைசென்சுக்கு மனு எழுதியவள் அவள். மாமன் பெண்டாட்டியின் பிரசவத்தின்போது எந்தக் கவுண்டர், எந்தச் சீட்டு, எங்கே கையெழுத்து என்று பார்த்துப் பார்த்து ஆஸ்பத்திரி முழுக்க ஓடியவளும் அவள்தான். மாமனிடம் கட்டட வேலை பார்த்த ஆட்களுக்குத் தொழிலாளர் கார்டு வேண்டுமென்றாலும் அவள்தான் போனாள். ஆபீஸ்கள் திறந்திருக்கும் நாளில்தான் பள்ளிக்கூடமும் திறந்திருக்கும். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"இன்னிக்கி ஒரு நாள்தான்ட்டி" என்பாள் மாயம்மாள். யூனிபார்ம் போட்டு நிற்கிறவளைக் கழற்றச் சொல்லுவாள், ஆஸ்பத்திரியில் அழுக்காகிவிடும் என்று.

அந்த ஒரு நாள் ஒரு நாளோடு போகாது. திரும்பி வந்தால் கரும்பலகையில் கணக்கு பாதியில் நிற்கும். பக்கத்தில் உட்காரும் தோழி அதிதி நோட்டைக் கொடுப்பாள். எழுதிப் போட்டதெல்லாம் நோட்டில் இருக்கும், டீச்சர் வாயால் சொன்னது இருக்காது. வருகை எடுக்கும்போது செல்வியின் பெயருக்குப் பிறகு ஒரு நொடி நிறுத்துவதையும் வகுப்பாசிரியை விட்டுவிட்டார். ஒருமுறை அவள் எழுந்து பதில் சொன்னபோது அடுத்தவளும் பதில் சொல்லி முடித்திருந்தாள். வகுப்பு சிரித்தது. அதற்குப் பிறகு அம்மா "ஒரு நாள்தான்ட்டி" என்றால் அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. அந்தச் சந்தோஷம்தான் அவளைப் பயமுறுத்தியது.

அம்மிணி டீச்சரின் குடும்பம் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். மலையாள இழுவையோடு தமிழ் பேசுவார்.

"சுத்தி வளைக்காம சொல்றேன். இவளுக்கு ஹாஜர் போறாது. பரீட்சை எழுத விடணும்னா நான் மேலே எழுதிக் கேக்கணும். வீட்டுக் காரணம்னா கேக்கலாம். நாங்கதான் நிறுத்தினோம், இனி நிறுத்த மாட்டோம்னு வீட்டுக்காரா எழுதித் தரணும். குட்டி தானா சுத்தித் திரிஞ்சதுன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது. அடுத்த வருஷம் மறுபடியும் பத்துதான்."

"எங்க மேல கேசு கீசு வருமா டீச்சர்?" என்றான் சங்கிலிப்பாண்டி.

"கூலி வேலைக்கா அனுப்பினேள்?"

"சேச்சே!"

"பின்னே என்ன பயம்? நடந்ததைச் சொல்லுங்கோ."

சங்கிலிப்பாண்டி மீசையைத் தடவினான். சந்தில் அவன் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. தப்பு எங்களுடையது என்று அவன் யாரிடமும் சொல்லி செல்வி கேட்டதில்லை. அது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"நடந்தது என்னன்னா, பிள்ள போவ மாட்டேங்கா டீச்சர். காலைல பையத் தூக்கிட்டுக் கெளம்புதா. எங்க போறான்னு யாரு கண்டா? படகுத்தொறைல நிக்கான்னு நாலு பேரு சொல்லுதாவ. அக்கரைல வைப்பினுக்கு போட்டு ஏறிப் போயிட்டு வாராளாம்."

"மாமா!" என்றாள் செல்வி.

"பெரியவங்க பேசும்போது சும்மா இருட்டி."

டீச்சர் இசக்கிமுத்துவைப் பார்த்தார். அவன் கட்டைவிரல் நகத்தில் இருந்த கப்பை மண்ணைச் சுரண்டினான்.

"நான் வண்டியுண்டு கப்பையுண்டுன்னு இருக்கவன் டீச்சர். பள்ளிக்கூட விசயம் நமக்கெங்க தெரியும்?"

"அப்போ இங்கே எதுக்கு வந்தேள்?"

"சும்மா… ஒரு துணைக்கு."

"யாருக்குத் துணை?"

இசக்கிமுத்து அடுத்த நகத்துக்குப் போனான்.

"அம்மா, நீங்க சொல்லுங்கோ."

மாயம்மாள் அண்ணனைப் பார்த்தாள். அவர்கள் இருக்கும் அறை அண்ணன் பெயரில் எடுத்தது. புருஷனுக்குக் கட்டட வேலை கொடுப்பவன் அண்ணன். சுக்குக் கிடங்கில் அவள் பார்க்கும் வேலையும் அண்ணன் சொல்லிக் கிடைத்தது. இதெல்லாம் செல்விக்குத் தெரியும். தெரிந்தும் அவள் அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணன் சொல்லுதது சரிதான்" என்றாள் மாயம்மாள். "எம்பேச்சக் கேக்கவே மாட்டேங்கா. பள்ளியொடத்துக்குப் போட்டி, போட்டின்னு தெனமும் நாயாக் கத்துதேன்."

சரிதான் என்பதோடு நிறுத்தியிருக்கலாம். கத்தியதாகச் சொல்லும்படி அவளை யாரும் கேட்கவில்லை.

டீச்சர் ஒரு வெள்ளைத் தாளை மேசையின் இந்தப் பக்கம் தள்ளினார். "அப்போ அதையே எழுதித் தாங்கோ. மேலே போற காகிதம், மலையாளத்துல வேணும். அம்மா கையெழுத்துப் போடட்டும்."

ஒருவரும் தாளைத் தொடவில்லை. பிறகு மூன்று தலைகளும் சுவர்ப் பக்கம் திரும்பின.

"எழுது பிள்ள" என்றான் சங்கிலிப்பாண்டி. அவன் முகத்தில் கூச்சம் எதுவும் இல்லை. "நான் சொல்லுதேன்."

செல்வி பேனாவை வாங்கிக்கொண்டு மேசை ஓரமாகக் குனிந்தாள். அவன் சொல்லச் சொல்ல எழுதினாள். அவன் சொல்லி முடித்த பிறகும் எழுதிக்கொண்டிருந்தாள்.

"என்னட்டி, நாலு வார்த்தைக்கு ஒரு பக்கமா?"

"மலையாளத்துல நீளமாத்தான் வரும் மாமா."

தாளை டீச்சரிடம் கொடுத்தாள். டீச்சர் மனதுக்குள் வாசித்துவிட்டு அம்மாவிடம் நீட்டிவிடுவார் என்று நம்பினாள். டீச்சர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முதல் வரியைப் பார்த்தார். செல்வியை ஒருமுறை பார்த்தார்.

"கையெழுத்துப் போடறவாளுக்கு வாசிச்சுக் காட்டணும். அதுதான் முறை" என்று சொல்லிச் சத்தமாகவே வாசித்தார். எழுத்துதான் அவர்களுக்குத் தெரியாது. காதில் விழுந்தால் ஒவ்வொரு சொல்லும் புரியும்.

என் மகள் தானாக ஒரு நாளும் நின்றதில்லை. நாங்கள்தான் நிறுத்தினோம். என் அண்ணன் மனைவியின் பிரசவத்துக்கும், குழந்தையின் ஊசிக்கும், இசக்கிமுத்துவின் வண்டி லைசென்சுக்கும், அண்ணனுடைய ஆட்களின் கார்டுக்கும் இவளைக் கூட்டிக்கொண்டு போனோம். எங்களில் யாருக்கும் வாசிக்கத் தெரியாது. தப்பு எங்களுடையது. இனி நிறுத்த மாட்டோம்.

சங்கிலிப்பாண்டி எழுந்துவிட்டான். "பாத்தியா மாயம்மா? உங்கையெழுத்த வாங்கியே உன்னக் கவுக்கப் பாக்கா! பொறந்த வயித்துக்கு என்ன துரோகம் பாரு."

"நீங்க இரிங்கோ" என்றார் டீச்சர். மாயம்மாளிடம் மட்டும் கேட்டார்: "இதில எது பொய்?"

மாயம்மாள் முந்தானையை விரலில் சுற்றினாள்.

"உங்களுக்கு அது ஒரு நாள். அவருக்கு ஒரு நாள், இவருக்கு ஒரு நாள். எல்லாம் சேந்து போனது இவ வருஷம். பொய் ஒண்ணும் இல்லேன்னா இங்கே போடுங்கோ. குட்டி பரீட்சை எழுதட்டும்."

மாயம்மாள் பேனாவை எடுத்தாள். முனை தாளில் பட்டது.

"போடு" என்றான் சங்கிலிப்பாண்டி, மெதுவாக. "போட்டுட்டு சாயங்காலம் ரூமுக்கு வராத. உம்புருசனும் வேற மேஸ்திரியப் பாத்துக்கிடட்டும்."

தாளில் ஒரு புள்ளி விழுந்திருந்தது. மாயம்மாள் பேனாவைப் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்தாள்.

"நான் எடுத்து வைக்கறேன்" என்றார் டீச்சர். "சாயங்காலம் வரைக்கும் இருப்பேன். கையெழுத்து இல்லாம அனுப்ப முடியாது. செல்வி, நீ கிளாஸுக்குப் போ."

வெளியே மணி அடித்தது. ஆபீசுக்கும் வகுப்புகளுக்கும் இடையில் ஒரு கம்பிக் கதவு, மணி அடித்ததும் பூட்டிவிடுவார்கள். பியூன் ஸ்ரீநாத் சாவியோடு அங்கே நின்றிருந்தார். இசக்கிமுத்து அதற்குள் தெருவுக்குப் போய்விட்டான். சங்கிலிப்பாண்டி பத்தடி நடந்து திரும்பினான். கோபமெல்லாம் வடிந்து, வழக்கமான குரலில் சொன்னான்:

"ஏ பிள்ள, துணிய மாத்திட்டு வந்துரு. குட்டிப்பயலுக்கு இன்னிக்கி டாக்டரப் பாக்கணும். அத்தைக்குச் சீட்டு எடுக்கத் தெரியாது."

செல்விக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. "நீங்களே வாசிச்சு எடுத்துக்கிடுங்க மாமா" என்று சொல்லிவிட்டுக் கம்பிக் கதவை நோக்கி நடந்தாள்.

மாயம்மாள் பின்னாலேயே ஓடி வந்தாள். "எனக்குப் பயமா இருக்குட்டி. அவன் வெரட்டிட்டான்னா எங்க போயி இருப்போம்?"

"தெரியல."

"ஒரு வருசம்தானட்டி. அடுத்த வருசம் எழுதிக்கிட மாட்டியா?"

இதுவரை ஒரு நாள் என்றுதான் கேட்டிருந்தாள். செல்வி அம்மாவின் முகத்தை ஏதோ ஆபீசில் பார்த்த முகம்போலப் பார்த்தாள்.

"தாளு மேசைலதான் இருக்கு. போயிப் போடும்மா."

"அண்ணன் பாத்துட்டு நிக்கான்."

"பாக்கட்டும்."

மாயம்மாள் திரும்பிப் பார்த்தாள். சங்கிலிப்பாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காத்திருந்தான். டீச்சரின் அறைக்கும் அவனுக்கும் நடுவில் நின்ற மாயம்மாளின் கால், அவன் பக்கமாக ஓரடி வைத்தது.

"அம்மே, அகத்தேக்கோ புறத்தேக்கோ?" என்று, உள்ளேயா வெளியேயா எனக் கையால் காட்டிக் கேட்டார் ஸ்ரீநாத். "எனிக்கு பூட்டணம்."

"அவங்க வரலை சேட்டா" என்று சொல்லிவிட்டு செல்வி உள்ளே போனாள். ஸ்ரீநாத் கம்பிக் கதவை அவளுக்குப் பின்னால் இழுத்துச் சாத்திப் பூட்டினார்.