ஏற்றிய சுருள்

கடைகளின் சுருட்டுக் கதவுகளைப் பழுதுபார்க்கும் அந்தக் கணவன் மனைவிக்குத் தொழிலில் விதி ஒன்றே. கதவைத் தாங்கும் இரும்புச் சுருளை முறுக்கி முடித்தவர் "ஏத்தியாச்சு" என்று உரக்கச் சொல்ல வேண்டும். மற்றவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொல்லாதவரை சொன்னது கணக்கில் சேராது.

காரணம் எளியது. தடதடவென்று இறங்கும் கதவைக் கண்டால் எவரும் விலகி நிற்பர். அது தரையைத் தொட்டு நின்றதும் ஆபத்து தீர்ந்ததென்று எண்ணுவர். கதவின் கனம் முழுவதும் தலைக்கு மேலுள்ள சுருளுக்குள் குடியேறியிருப்பது அப்போதுதான். முறுக்கேறிய சுருளும் ஏறாத சுருளும் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றே, இரண்டும் அசைவதில்லை.

அன்று விதி இருந்தது, பேச்சு இல்லை. முந்தைய நாள் நாத்தனார் வீட்டுச் சாப்பாட்டில், "உன் பொண்டாட்டி உன்கூட வந்து என்னடா பண்றா?" என்ற கேள்விக்கு அவன், "சும்மா ஏணியப் பிடிச்சுக்குவா" என்று சொல்லிவிட்டான். சுருள் முறுக்குவது என்றுமே அவள் வேலை. அவள் எழுந்து கை கழுவினாள். அத்தோடு வாய் மூடியது.

ஆகவே கதவு பழுதுபார்க்கப் போன தையற்கடையில் அன்றைய பேச்செல்லாம் தையற்காரர் வழியாகவே நடந்தது.

"ஸ்பானர் எங்கன்னு கேளுங்கண்ணே" என்றான் அவன்.

"பையிலதான் இருக்கு. கண்ணைத் திறந்து தேடச் சொல்லுங்க."

"ரெண்டடி தள்ளி நின்னுக்கிட்டு என்னை ஏம்மா இழுக்கறீங்க?" என்றார் தையற்காரர். "துணி கிழிஞ்சா தைப்பேன். இதுக்கு எங்கிட்ட நூல் இல்ல."

அவன் வெளியே சென்று கதவோடும் தடத்திற்கு எண்ணெய் இட்டான். அவள் கதவை இறக்கிப் பூட்டி, ஏணியில் ஏறி, சுருளின் முனை வளையத்தில் ஒரு கம்பியைச் செருகிக் கால் சுற்றுத் தள்ளினாள். அது பிடித்திருக்க, அடுத்த துளையில் இன்னொரு கம்பி. இப்படியே முறுக்கி முடித்துத் திருகை இறுக்கினாள்.

"ஏத்தியாச்சுன்னு சொல்லிடுங்கண்ணே."

"சொல்லிட்டாப் போச்சு" என்று அவர் பக்கவாசலை நோக்கி நடந்தார். சட்டை தைக்க ஒருவர் எதிரே வந்தார். கழுத்திலிருந்த அளவு நாடா கைக்கு வந்தது, செய்தி மறந்துபோயிற்று.

மறுமொழி வரவில்லை என்பதை அவள் கவனித்தாள். வீம்பு என்று எண்ணிக்கொண்டு கம்பிகளைத் துடைத்தாள்.

நிமிர்ந்தபோது அவன் பக்கவாசல் வழியே உள்ளே வந்து ஏணிமேல் இருந்தான். சுருளைத் தாங்கும் தகடு சற்றே சாய்ந்திருந்தது. அதை நிமிர்த்த அதன் திருகில் ஸ்பானரை மாட்டியிருந்தான். முறுக்கேறியது என்று தெரிந்தவன் முகத்தை ஒருபுறம் ஒதுக்கியிருப்பான். அவன் முகமோ சுருளுக்கு நேராக இருந்தது. அவனுக்குத் தெரியாது.

அலறினால் கை திடுக்கிடும். திடுக்கிட்ட கை திருகிவிடும்.

"ஏத்தியிருக்கு" என்றாள், அடுக்களையில் உப்புக் கேட்கும் குரலில். "திருப்பாதீங்க. அப்படியே நேரா வெளிய எடுங்க."

ஸ்பானர் வெளியே வந்தது. இறங்கும்போது அவன் கால் ஏணிப் படியை இருமுறை தேடியது.

"ஏத்தியிருக்கு" என்று திருப்பிச் சொன்னான்.

தகட்டை நிமிர்த்த வேண்டுமானால் முறுக்கை இறக்கியாக வேண்டும். அவள் ஏறினாள், அவன் ஏணியைப் பிடித்துக்கொண்டான். இறக்குவது ஏற்றுவதைவிடக் கடினம். ஒரேயடியாக விட்டால் கம்பி ஆளை அடித்துவிடும்.

"உங்கக்கா முன்னாடி அப்படிச் சொல்லியிருக்க வேணாம்" என்றாள். கால் சுற்று.

"விளையாட்டுக்குத்தான்..."

"உங்க அக்கா விளையாட்டுக்குக் கேக்கல." இன்னொரு கால் சுற்று. "பாதிச் சாப்பாட்டுல எழுந்தேன். நீங்க அப்பளத்த நொறுக்கிட்டிருந்தீங்க."

"பாத்தேன். என்ன சொல்றதுன்னு தெரியல."

"நானும் உங்ககிட்ட நேரா சொல்லியிருக்கணும். வெளிய வந்து சொல்ல எனக்குக் காலில்லையா?" கம்பி மாறியது.

அப்போது தையற்காரர் வந்தார். "ஏம்மா, நீங்க ஏதோ சொல்லச் சொன்னீங்களே?" பிறகு அவனைப் பார்த்தார். "நீங்க என்ன பண்றீங்க?"

"ஏணியப் பிடிச்சுட்டிருக்கேன்."

"சும்மாவா?"

அவன் மேலே பார்த்து, "அக்காவுக்கு நானே போன் பண்ணிச் சொல்றேன்" என்றான்.

"சொல்லுங்க" என்று அவள் அடுத்த துளையைத் தேடினாள். "இன்னும் முழுசா எறங்கல. கெட்டியாப் பிடிங்க."