வக்கீலின் ஒரே பாயிண்ட்

பதினாறு வயதிலேயே ஓட்டுரிமை தரலாமா என்று சாயங்காலம் நடக்கும் கூட்டத்தில் பேச வக்கீலைக் கூப்பிட்டிருந்தார்கள். கோர்ட்டில் வாய்தா கேட்பதற்கு மட்டுமே வாய் திறக்கும் மனுஷனுக்கு இதுதான் முதல் மேடை. சொதப்பினால் சக வக்கீல்கள் மத்தியில் தலைகாட்ட முடியாது. அதனால் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு சமையலறை வாசலில் நின்று ஒத்திகை பார்த்தார்.

"கூடவே கூடாது! இந்த வயதில் ஏது சுயபுத்தி? வீட்டில் யாரைச் சொல்கிறார்களோ அவருக்கே கண்ணை மூடிக்கொண்டு குத்திவிட்டு வரும் கூட்டம் இது!"

பத்தாவது படிக்கும் மகள் பென்சிலைக் கடித்தபடி கேட்டாள். "போன எலெக்‌ஷன்ல நீங்க யாருக்குப்பா போட்டீங்க?"

"அது... உங்கம்மா சொன்ன ஆளுக்கு."

"கல்யாணத்துக்கு முன்னாடி?"

"அப்பல்லாம் எங்கப்பா சொல்லுவாரு."

"அப்ப உங்களுக்கே இன்னும் ஓட்டுப் போடற வயசு வரலையேப்பா!"

வக்கீலின் கைவசம் இருந்த ஒரே பாயிண்டும் போயிற்று. வாசலில் கார் வேறு வந்து ஹாரன் அடித்தது. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மனைவியின் பக்கம் மெல்லத் திரும்பினார்.

"ஏம்மா, குடுக்கலாம்னு பேசட்டுமா, கூடாதுன்னு பேசட்டுமா?"