முகத்துவாரம் திறந்த காலை

மார்கழி அடைமழை சற்று ஓய்ந்திருந்த ஒரு காலையில், கல்முனைக்குடியில் ஷிப்லியின் மோட்டார் சைக்கிள் கிளம்ப மறுத்தது. பொத்தானை அமுக்கினால் பல்லி சொல்வதுபோல் ஒரு சத்தம் மட்டும் வந்தது. பச்சை லைற் மங்கி அணைந்தது. பற்றரிக்கு வயதாகிவிட்டது என்று அவனுக்குத் தெரியும். வெயில் காலத்தில் எப்படியோ இழுத்துக்கொண்டு போனது. மாரிக் குளிர் தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு விடியலிலும் அதனிடம் மன்றாட வேண்டியிருந்தது. கிக்கர் இல்லாத வண்டி என்பதால் உதைத்துக் கிளப்பவும் வழியில்லை.

அன்றைக்கு அவன் எப்படியும் பொத்துவில்லுக்குப் போயாக வேண்டும். தங்கை ஜெனூபாவுக்கு நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு நிக்காஹ். வாப்பா மௌத்தாகி வருடங்களாயிற்று. மணமகளின் பொறுப்பாளனான ‘வலி’யாக இருந்து, மாப்பிள்ளையின் கையைப் பிடித்து அவளை ஒப்படைக்க வேண்டியவன் மூத்த பிள்ளையான அவன்தான். மனைவி நுஸ்ஹாவும் பிள்ளைகளும் முன்பே போய்விட்டார்கள். புடவைக் கடையில் லீவு கிடைக்காமல் பின்தங்கியவன், வெள்ளத்தால் பஸ் ஓடாது என்று கேள்விப்பட்டதும் இந்த வண்டியைத்தான் நம்பியிருந்தான்.

அடுத்த வீட்டு அப்ராஸ் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து தள்ளினான். இரண்டாவது கியரில் கிளச்சை விட்டதும் வண்டி இருமி, குலுங்கி, உயிர்பெற்றது. அப்ராஸ் கூடவே ஓடிவந்து சொன்னான்:

"பொத்துவில் போய்ச் சேருற மட்டும் எஞ்சின நிப்பாட்டிராத. லைற் போடாத, ஹோன் அடிக்காத. இரிக்கிற கொஞ்சக் கரண்டையும் எஞ்சினே தின்னட்டும்."

ஷிப்லி அப்படியே செய்தான். மழைக்கோட்டுக்குள் பழைய பத்திரிகைத் தாள்களை நெஞ்சோடு மடித்து வைத்திருந்தும் வாடைக்காற்று உள்ளே புகுந்து எலும்பைத் தொட்டது. விரல்கள் மரத்துப்போயின. காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று ஊர்கள் மூடிய கதவுகளோடு கழிந்தன. சந்திகளில் மெதுவாக்கும்போதெல்லாம் எஞ்சின் தடுமாறியது. அவன் முறுக்கிப் பிடித்து உறுமவிட்டான். தேத்தண்ணிக் கடையில் நின்றவர்கள் இவனுக்கு என்ன பைத்தியமா என்று பார்த்தார்கள். தம்பிலுவில்லுக்கு அப்பால் வயல் எது, குளம் எது என்று தெரியவில்லை. சாம்பல் நிற வானம் அப்படியே தரையில் இறங்கிக் கிடந்தது.

கோமாரியை நெருங்கியபோது வாகனங்கள் வரிசையாக நின்றன. கடலோர ஏரியான களப்பு நிரம்பி வீதிக்கு மேலால் பாய்ந்துகொண்டிருந்தது. மரக்கறி லொறி ஒன்று பாதித் தூரம் போய்த் திரும்பிவிட்டதாம். மோட்டார் சைக்கிளை நினைத்துப் பார்க்கவே முடியாது.

வீதியோரத்து மேட்டில் ஒரு வீடு இருந்தது. அதன் முற்றத்தில் வண்டியை ஏற்றி, அக்சிலேற்றரை விடாமல் பிடித்தபடி நுஸ்ஹாவுக்குப் போன் எடுத்தான். அந்தப் பக்கம் கலியாண வீட்டு இரைச்சல். மௌலவி சொல்லிவிட்டாராம், நேரம் போனால் வாப்பாவின் தம்பி சாச்சாவே வலியாக இருக்கலாம், குற்றமில்லை என்று. ஜெனூபாதான் கேட்கவில்லை; அண்ணன்தான் வேண்டும் என்று நின்றாள்.

"காக்கா வராம நான் சம்மதம் சொல்ல மாட்டன் எண்டு இரிக்கிறா," என்றாள் நுஸ்ஹா. "பாத்து வாங்க. ஆனா வாங்க."

அவன் போனை வைத்தபோது வீட்டுக்காரி தேநீருடன் நின்றாள். கேதீஸ்வரி என்று பெயர். எஞ்சினை நிறுத்திவிட்டு வந்து குடிக்கும்படி சொன்னாள். தங்கையின் கலியாணத்துக்குப் போகிறேன், நிறுத்தினால் திரும்பக் கிளம்பாது என்று அவன் விளக்கினான். அவள் புருஷன் குணமும் வேறு பத்துப் பன்னிரண்டு பேரும் அப்போது மண்வெட்டிகளைத் தோளில் போட்டுக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். குணம் மீன்பிடிக்கிறவர், ஐம்பது வயதிருக்கும். களப்புக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணல் திட்டை வெட்டி முகத்துவாரத்தைத் திறந்துவிடப் போகிறார்கள் என்று கேதீஸ்வரி சொன்னாள். வெட்டச் சொல்லிப் பிரதேச செயலகத்திலிருந்து உத்தரவு வந்துவிட்டது. ஆனால் மண் வெட்டும் இயந்திரம் வெள்ளத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. கையால்தான் வெட்ட வேண்டும். திட்டுத் திறந்தால் வெள்ளம் வடியும். வெள்ளம் வடிந்தால் வீதி திறக்கும்.

ஷிப்லி அந்த மனிதர்களையும் தன் கையிலிருந்த அக்சிலேற்றரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நான் முறுக்கிப் பிடிக்கிறன் தம்பி," என்றாள் கேதீஸ்வரி. "நீங்க போங்க. ஒரு கை கூடினா நல்லதுதானே."

எவ்வளவு முறுக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தான். அவள் ஒரு பலகைக் கதிரையை இழுத்துப் போட்டு, சட்டியில் கறி கிளறுகிறவளின் நிதானத்தோடு பிடித்துக்கொண்டாள். அவன் ஒரு மண்வெட்டியை இரவல் வாங்கிக்கொண்டு ஓடினான்.

மணல் திட்டின் மேல் ஏறியதும் இரண்டு நீர்களையும் ஒருமிக்கக் கண்டான். ஒரு பக்கம் கறுத்துப் பெருத்து, அசையாமல் கிடந்த களப்பு. மறுபக்கம், கீழே, மாரிக் கடல் வெள்ளையாய் அடித்து நுரைத்தது. நடுவே ஒரு வீட்டு முற்றத்தின் அகலத்தில் மணல். குணம் கோடு கீறிக் காட்டினார். கடல் பக்கத்திலிருந்து வெட்டத் தொடங்கினார்கள். ஈர மணல் இரும்பைப்போல் கனத்தது. குளிர் போய் வியர்த்தது. பக்கத்தில் வெட்டிய சுஜிந்தன் என்ற இளந்தாரி, தன்னுடைய உழவு மெசினே அந்தத் தண்ணியில் போக மாட்டேன் என்றுவிட்டது, உங்கட சைக்கிள் எம்மாத்திரம் என்று சிரித்தான். ஷிப்லியின் உள்ளங்கைகள் கொப்புளித்தன. புடவை மடித்த கைகள் அவை.

முழங்கால் ஆழத்தில், ஒரு ஆள் படுக்கக்கூடிய அகலத்தில் வாய்க்கால் களப்பின் விளிம்புவரை வந்தது. கடைசி வரம்பைக் குணம் தானே வெட்டினார். ஒரு வெட்டுத்தான். விரல் மொத்தத்தில் ஒரு நீர்க்கயிறு உள்ளே இறங்கி, மணலை நனைத்து, தயங்கி, பிறகு வழி கண்டுபிடித்ததுபோல் கடலை நோக்கி நடந்தது. இதற்கா இவ்வளவு பாடு என்று ஷிப்லிக்குத் தோன்றியது.

"இனி ஒருத்தரும் இறங்கப்படா," என்றார் குணம். "ஏறுங்க எல்லாரும். மறுகா நம்மட வேல இல்ல, தண்ணிட வேல."

கயிறு கணுக்கால் அளவானது. இடுப்பளவானது. வாய்க்காலின் இரு கரைகளும் பாளம் பாளமாகப் பிளந்து, தொம் தொம் என்று விழுந்தன. விழுந்த மணல் கரைவதற்குள் நீர் அதைத் தூக்கிக்கொண்டு போனது. அவர்கள் மூச்சுப் பிடிக்க வெட்டியதை அது ஒரு விழுங்கலில் முடித்தது. களப்பின் அசையாத நீர் முழுவதும், கண்ணுக்கெட்டிய தூரம்வரை, அந்த ஒரு வாயை நோக்கித் திரும்புவதை ஷிப்லி கண்டான். மிதந்த ஆற்றுவாழைப் பச்சை மெத்தைகள் திரும்பின. முறிந்த மரமொன்று திரும்பியது. மண்ணிறப் பெருவெள்ளம் கடலில் போய் மோதிய இடத்தில் அலைகள் கரைக்கு வர முடியாமல் எழுந்து நின்றன. அப்படியே மதில்போல் நின்றன. காதில் இரைச்சல் தவிர வேறொன்றும் இல்லை. எங்கிருந்தோ வெள்ளைப் பறவைகள் கூட்டம் கூட்டமாய் வந்து அந்த மதிலுக்கு மேலே வட்டமிட்டன.

அவன் இன்னும் ஓரடி முன்னால் போனான். போனதே அவனுக்குத் தெரியாது. பாதத்துக்குப் பின்னால் மணலில் மெல்லிய வெடிப்பொன்று ஓடியது. குணம் அவன் மழைக்கோட்டின் கழுத்தைப் பிடித்து இழுத்த இழுப்பில் இருவரும் மல்லாந்து விழுந்தார்கள். அவன் நின்ற இடம் சத்தமில்லாமல் கீழே போய்விட்டது.

பயம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது வேறொன்று. விழுந்து கிடந்தபடியே, தரை தன் முதுகுக்கடியில் அதிர்வதை உணர்ந்தான். "சுப்ஹானல்லாஹ்" என்று வாய் தானாகச் சொன்னது. சுஜிந்தன் கடலைப் பார்த்துக் கைகூப்பி நின்றான். குணம் எத்தனையோ மாரிகளில் இதைக் கண்டவர். ஆனாலும் எழும்பாமல், ஷிப்லியின் கழுத்துத் துணியைப் பிடித்த கையை விடாமல், வாய் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பிப் பார்த்தபோது ஊரே மேட்டில் நின்றது. கேதீஸ்வரியும் நின்றாள்.

அப்படியென்றால் அக்சிலேற்றரைப் பிடிக்க அங்கே யாரும் இல்லை. அவள் அவனைக் கண்டதும் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். "சத்தம் கேட்டுது தம்பி," என்றாள். "கை விட்டுட்டு ஓடி வந்திட்டன். இதப் பாக்காம எப்பிடி இரிக்கிற?"

கோபப்பட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவேயில்லை. அவனும் ஓடித்தான் வந்திருப்பான்.

வீதியின் வெள்ளம் கண்முன்னே இறங்கியது. முதலில் வீதியோரக் கட்டைகளின் தலைகளும் பிறகு தாரின் கறுப்பும் தெரிந்தன. சுஜிந்தன் உழவு இயந்திரத்தைக் கொண்டுவந்து, இரண்டு வயர்களால் அதன் பற்றரியை மோட்டார் சைக்கிளின் பற்றரியோடு தொடுத்தான். பொத்தானை அமுக்கியதும் எஞ்சின் முதல் தடவையே பிடித்துக்கொண்டது. கேதீஸ்வரி ஒரு பொலித்தீன் பையில் ரொட்டி சுற்றிக் கொடுத்தாள். அவன் குணத்தின் கையைப் பிடித்தான். போங்க, தங்கச்சி பாத்துக்கொண்டிருக்கும் என்றார் அவர்.

பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் கலைகிற நேரத்தில் அவன் போய்ச் சேர்ந்தான். உம்மா அவன் கோலத்தைக் கண்டு அழுதாள். உடை மாற்ற மட்டும் விட்டார்கள். காயாத தலையோடு உட்கார்ந்து, மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, சொல்ல வேண்டியதைச் சொன்னான். குரல் ஏன் அப்படி நடுங்கியது என்று பலரும் பிறகு கேட்டார்கள். தங்கை மேலுள்ள பாசம் என்று நினைத்தார்கள். அதுவும்தான்.

ஜெனூபா மட்டும் விடவில்லை. நகைகளோடும் மருதாணியோடும் அவனைப் பக்கத்தில் இருத்தி, நடந்ததை முழுக்கச் சொல்ல வைத்தாள். பெண்கள் வந்து வந்து கூப்பிட்டும் எழும்பவில்லை.

ஊருக்குத் திரும்புகிற நாளில் மோட்டார் சைக்கிளைப் பொத்துவில்லில் விட்டுவிட்டுக் குடும்பத்தோடு வேனில் வந்தார்கள். கோமாரியில் ஷிப்லி நிறுத்தச் சொன்னான். அவர்கள் வெட்டிய இடத்தில் இப்போது ஓர் ஆறு கிடந்தது. அக்கரையில் வீச்சு வலை எறிந்துகொண்டிருந்த ஆட்கள் விரல் அளவாகத் தெரிந்தார்கள். நுஸ்ஹா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"இதையா நீங்க மண்வெட்டியால வெட்டின?"

"நாங்க ஒரு ஆள் படுக்கிற அளவுதான் வெட்டின," என்றான் அவன்.

பிள்ளைகள் நீரை நோக்கி ஓடப் பார்த்தார்கள். இருவரையும் கழுத்துத் துணியில் பிடித்து நிறுத்திக்கொண்டு, அவனும் பார்த்தான்.